கோதுமை படாத கறித்தூளும் நானும்

பிள்ளைகளே, ஓர் அப்பா "இதென்ன பெரிய வேலையோ?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் சமைக்கப் போனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாசல் பக்கமாக மெல்ல நகர்ந்து நில்லுங்கள். யாரையோ பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. அப்படிக் குசினிக்குள் போன அப்பாவே நான்தான்.

நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன் (கணக்கில் பாஸ், மற்றப் பாடங்களைக் கேட்காதீர்கள்). திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தில் வேலை. லொறியில் வரும் கோதுமை மா மூட்டைகளை இறக்கி அடுக்குவதும் மற்றக் கடைகளுக்கு ஏற்றிவிடுவதும் என் தொழில். பின்னேரம் பாலையூற்றில் உள்ள வீட்டுக்கு வந்து சேரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பேன். நரை என்பது குளித்தால் போய்விடும் ஒன்று என்றுதான் என் மகள் யாழினி சின்ன வயதில் நினைத்திருந்தாள்.

மா முடிந்த வெறும் பைகளை முதலாளி சும்மா தருவார். எங்கள் வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கூரை அந்தப் பைதான். மழை வந்தால் தலைக்குக் குடையும் அதுதான். வாசலில் கால் துடைப்பதும் அதில்தான்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான், ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், கோதுமை ஆகாது என்று டொக்டர் சொன்னார். ரொட்டிக்குக் குழைத்த மாவை இழுத்தால் றப்பர் மாதிரி நீண்டு வருகிறதே, அதற்குக் காரணம் கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற பொருள். பெரும்பாலான ஆட்களுக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. சிலருக்கு மட்டும் அது குடலைப் புண்ணாக்கிவிடும். விரல் நுனியில் ஒட்டும் அளவு போதும். யாழினி அந்தச் சிலரில் ஒருத்தி. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல், பாடசாலை வெள்ளைச் சட்டை அவள் மேல் தொங்கியதா, அவள் சட்டைக்குள் தொங்கினாளா என்று சொல்ல முடியாத நிலை.

கோதுமை மாவில் சுட்ட பாண் போனது. ரோல்ஸ் போனது. கொத்துரொட்டியும் போனது. நான் கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றாமல் உள்ளே வரக்கூடாது என்று என் மனைவி சுகந்தி சட்டம் போட்டாள். அப்படியும் வயிற்றுவலி முற்றாக விடவில்லை. அடுத்த முறை டொக்டர் கேட்டார்: "கறித்தூள் எங்க திரிக்கிறீங்கள்?"

சந்தி மில்லில்தான் திரிக்கிறோம். அதே இயந்திரத்தில் எங்களுக்கு முன்னால் யாராவது சத்துமாவுக்குக் கோதுமை திரித்திருந்தால்?

அன்றிலிருந்து யாழினிக்கு ஒரு சின்னத் தனிச் சட்டி. தூள் போடாமல் உப்பும் தேங்காய்ப்பாலும் மட்டும். மீனும் வெள்ளை, மரக்கறியும் வெள்ளை. சட்டியைத் திறக்கும்போதே அவள் முகம் சுருங்கிவிடும்.

அந்த நேரத்தில் சாம்பல்தீவிலிருந்து என் அக்கா போன் எடுத்தா. ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி, எல்லாரும் வரவேண்டும்.

"நான் வரேல்ல," என்றாள் யாழினி.

"ஏன் பிள்ளை? மாமி உன்னைத்தான் முதல் கேட்டவ."

"அங்கயும் எனக்குத் தனிச் சட்டிதானே அப்பா. எல்லாரும் என்ர சோத்துக் கோப்பையைத்தான் பார்ப்பினம். எல்லாரும் சாப்பிடுற சட்டியில இருந்து எனக்கும் ஒரு அகப்பை போட்டா வாறன்."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழாமல் சொன்னாள். அதனால்தான் என் வாய் தானாகத் திறந்தது.

"அப்பா தூள் செய்து தாறன். மில்லுக்குப் போகாமல் வீட்டிலயே. இதென்ன பெரிய வேலையோ?"

சுகந்தி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, சீனிப் போத்தல் எந்தத் தட்டில இருக்கு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"அது வேற கதை," என்றேன். (எந்தத் தட்டு என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.)

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் முழுசாக, தூளாக ஒன்றும் இல்லாமல், தேவைக்கு மேலேயே வாங்கி வந்தேன். பிறகு தொடங்கியது என் சுத்தம். தூள் அரிக்கப் புது அரிதட்டு, புது அகப்பை. கிரைண்டரின் இடுக்கெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன் (அது சுகந்தியின் பிரஷ் என்பது இரவுதான் தெரிய வந்தது). நகம் வெட்டினேன். மத்தியானத்துக்குள் இரண்டாம் தரமும் குளித்தேன்.

பக்கத்து வீட்டு றஹீம் நானா, கிண்ணியாக்காரர், ஓட்டோ ஓடுகிறவர், கையில் ஒரு பொட்டலத்தோடு வாசல் படலையைத் திறந்தார்.

"நானா, கையில என்ன?"

"ரொட்டி தம்பி. பசியாறப் போறன்."

"அதோட உள்ள வரவேணாம்."

அவர் பொட்டலத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "ரொட்டிதான் தம்பி. வெடிக்காது."

ஆனாலும் நல்ல மனிதர், மதில் மேல் அதை வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார். நான் சரக்கைக் கழுவி வடித்து, முற்றத்தில் பைகளை வெட்டி விரித்துப் பரப்பியிருந்தேன். ஈரத்தை உறிஞ்சும் நல்ல கச்சான் காற்று. பை பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்து, காகத்துக்காகக் கையில் தடியோடு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோலத்தை நானாவைக் கொண்டு என் போனில் ஒரு படமும் எடுப்பித்தேன். ஒரு காலத்தில் யாழினி பார்த்து, எங்கள் அப்பா எவ்வளவு பாடுபட்டார் என்று நினைக்க வேண்டும் அல்லவா?

பின்னேரம் அள்ளும்போது மல்லியில் மெல்லிய வெண்மை ஒன்று படர்ந்திருந்தது. நல்லாகக் காய்ந்தால் மல்லி வெளுக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்தது வறுப்பு. காற்றோடு எங்காவது இருந்து கோதுமைத் தூசி வந்துவிட்டால்? குசினியின் யன்னல், கதவு, கூரைக்குக் கீழிருந்த ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தேன். அடைத்துவிட்டு, வறுக்கிற தாச்சியில் மிளகாயைப் போட்டேன்.

பிள்ளைகளே, பூட்டிய அறைக்குள் மிளகாய் வறுத்துப் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால், அப்படியே இருந்துவிடுங்கள். முதலில் மூக்கு. பிறகு தொண்டை. பிறகு கண் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. கதவைத் தேடிப் போய் அலுமாரியைத் திறந்தேன். கடைசியில் கதவு கிடைத்துத் திறந்தபோது, அதுவரை குசினிக்குள் அடைபட்டிருந்த புகை முழுவதும் என்னோடு சேர்ந்து வெளியே வந்து, காற்றில் ஏறி, நேரே நானா வீட்டுக்குள் நுழைந்தது. அங்கே ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். கோழி கூட இருமியதாகச் சுகந்தி சத்தியம் பண்ணுகிறாள்.

மதிலுக்கு மேலால் நானாவின் தலை தெரிந்தது. சால்வையால் மூக்கைக் கட்டியிருந்தார்.

"தம்பி, ரொட்டியை உள்ள விட மாட்டன் எண்ட நீங்க, இதை மட்டும் ஏன் வெளிய விட்டீங்க?"

நான் அப்போது தலையைக் கிணற்று வாளிக்குள் வைத்திருந்தேன்.

எப்படியோ வறுத்து, ஆறவைத்து, அரைத்து, அரித்து, போத்தலில் அடைத்தேன். மூடியைத் திறந்தால் மணம் மூக்கைத் தூக்கியது. யாழினி போத்தலை இரண்டு கையாலும் பிடித்து மணந்து பார்த்தாள். அன்றைக்கே கறி வைக்கலாம் என்றாள் சுகந்தி. நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால்தான் முதல் கறி என்று பிடிவாதமாக நின்றேன். (என் வாழ்க்கையில் என் தற்பெருமை நல்லது செய்த ஒரே இடம் இதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை நானாவின் ஓட்டோவில் சாம்பல்தீவுக்குப் போனோம். சுகந்தியின் மடியில் பெரிய பை ஒன்று. என்ன என்று கேட்டதற்கு, "உங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள். நானா எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அக்கா புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தா. என் தூளைப் போட்டு நண்டு கொதிக்க, வீதியால் போனவர்கள் சைக்கிளை மெதுவாக்கினார்கள். எல்லாரும் பாயில் இருந்தோம். யாழினிக்கு முதலில் போடச் சொன்னேன். சோற்றுக்கு மேலே சிவப்பாக ஒரு அகப்பை விழுந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், கையை வைக்கவில்லை. சூடு ஆறட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த இடைவெளியில் நான் பேச்சைத் தொடங்கிவிட்டேன். நகம் வெட்டியதிலிருந்து புகை வரைக்கும். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், நண்டுக் காலைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது முடிப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கவில்லை. போனை எடுத்துப் படத்தையும் காட்டினேன். போன் கைமாறிக் கைமாறி யாழினியிடம் போனது. அவள் இடது கையால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"அப்பா."

"என்ன குஞ்சு?"

"மிளகாய்க்குக் கீழ என்ன விரிச்சிருக்கு?"

"பை."

"என்ன பை?"

நான் போனை வாங்கிப் பார்த்தேன். தடியோடு ராசா மாதிரி நான். என் காலடியில் மிளகாய். மிளகாய்க்கும் மல்லிக்கும் நடுவே, யாரும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், 'கோதுமை மா'. பக்கத்தில் ஒரு கோதுமைக் கதிரின் படமும்.

மல்லி ஏன் வெளுத்திருந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

"கை வைச்சனியா பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. ஒண்டும் தொடேல்ல."

நான் அவள் கோப்பையை எடுத்துத் தூரத்தில் வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் எனக்கு வெட்கமே வரவில்லை. அவள் ஒரு வாய் வைத்திருந்தால் என்ற நினைப்பும், வைக்கவில்லை என்ற ஆறுதலும்தான் மாறி மாறி வந்தன. வெட்கம் பிறகு மெதுவாக வந்தது, வந்ததும் இன்னும் போகவில்லை.

யாழினி எழும்பப் பார்த்தாள். "பரவாயில்லை மாமி, நான் சும்மா சோறு சாப்பிடுறன்."

"இரு பிள்ளை," என்றாள் சுகந்தி. பையைத் திறந்தாள். கடைக்காரர் கட்டிய கடதாசி அவிழாமல் மிஞ்சிய மிளகாய், மல்லி, சீரகம், மிளகு. அதற்குக் கீழே யாழினியின் தனிச் சட்டியும் அதன் அகப்பையும்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. உங்களைத் தெரியும். அதுவே போதும்."

அக்கா அம்மியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினா. தேங்காயும் மிளகாயும் தவிர எதுவும் கண்டிராத அம்மி. இன்னும் சமைக்காத நண்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுகந்தி அரைக்க, நான் அடுப்பை மட்டும் ஊதினேன். வேறு எதையும் தொட எனக்கு அனுமதி இல்லை.

அந்த முழு நேரமும் முதல் சட்டி பக்கத்திலேயே மணத்துக்கொண்டு இருந்தது. அத்தான் ஒருமுறை அதைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தா. அவர் கையிலிருந்த நண்டுக் காலை மெதுவாகத் திரும்பச் சட்டிக்குள் போட்டுவிட்டு, "எனக்கு இப்ப பெரிசாப் பசியில்லை," என்றார். வயிறு அவர் சொன்னதை மறுத்துச் சத்தம் போட்டது.

கடைசியில் எல்லாரும் கோப்பையோடு அந்தச் சின்னச் சட்டியைச் சுற்றி இருந்தோம். அகப்பை யாழினியின் கையில். ஆளுக்கு ஒரு அகப்பைதான், அதற்கு மேல் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள். அத்தான் இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஏலாது மாமா. இது என்ர சட்டி," என்றாள். அவள் அப்படி மிடுக்காகக் கதைத்து நான் கேட்டுப் பல மாதமாகியிருந்தது.

இப்போது தூள் எங்கள் வீட்டிலேயேதான் செய்கிறோம், பன்புல்லில் பின்னிய பாய் விரித்து, யன்னல் எல்லாம் திறந்து. யாழினிக்கு வலி இல்லை, சட்டைகள் சிறிதாகிவிட்டன. அந்தப் பழைய போத்தலை நானாவிடம் கொடுத்தேன். "நல்ல தூள் தம்பி, குழம்பு தானாத் தடிக்குது," என்று இன்னொரு போத்தல் கேட்டார். ஏன் தடித்தது என்று சொன்னேன். மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் என்னால் இந்த வீட்டில் இனி எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கேஸ் அடுப்பைப் பூட்டியாச்சு என்றாலும் சரி, பஸ் ஐந்து மணிக்கு என்றாலும் சரி, குசினியிலிருந்து ஒரு குரலும் படிக்கிற மேசையிலிருந்து ஒரு குரலும் ஒன்றாக வரும்:

"கீழ என்ன விரிச்சிருக்கு?"

நான் எழும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவேன்.