ஸோர்கா ஆண்பால்

ஐரிஷ் மொழி கற்க வரும் மாணவியை மூன்றே நாளில் மூட்டை கட்ட வைப்பது என்று பார்ட்லா சபதம் எடுத்தார். ஐரிஷ் பேசும் கானமாராவில் கோடை வந்தால் வீட்டுக்கு வீடு, பாஷை படிக்க வந்து தங்கும் டப்ளின் நகரத்துப் பிள்ளைகள்தான். மனைவி மாய்ரீனும் ஒருத்தியைத் தங்கவைப்பதாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தி வந்தால் ஓர் அறை வேண்டும். இருப்பதோ ஸோர்காவின் அறை. மகள் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். அன்று பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டவர், அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"வர்றவ சமையலறை பெஞ்சுல படுக்கட்டும்."

"சரிங்க," என்றாள் மாய்ரீன். இவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசினாலும் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் மாணவியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பார்ட்லா அந்தச் சட்டத்தைத்தான் மலைபோல் நம்பினார். லீடன் என்ற அந்தப் பெண் வந்த மறுநாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது ஆரம்பித்தார்.

"ஏம்மா, பொண்ணுக்கு நம்ம பாஷையில 'கலீன்'. இலக்கணத்துல அது ஆண்பால். ஏன்? விளக்கு பார்ப்போம்."

திணறி ஆங்கிலத்துக்குத் தாவுவாள் என்று காத்திருந்தார். அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"தெரியலைங்க. நீங்க சொல்லுங்க."

"'ஈன்'னு முடியுறது அநேகமா ஆண்பால்தான். ஆனா அவளைப் பத்தித் திரும்பச் சொல்றப்ப மட்டும் 'அவன்' இல்ல, 'அவ'."

"யாரும் கோவிச்சுக்கலையா?"

"எம் பொண்ணு கோவிச்சுக்கிட்டா. ஏழு வயசு. 'நான் ஆண்பால்னா படகுல கூட்டிட்டுப் போங்க'ன்னு என் தொப்பியை மாட்டிக்கிட்டு..."

மகளைப் பற்றி அவர் வாய் திறந்ததே அன்றுதான். பேசினார், அழுதார், மறுபடி பேசினார். தேநீர் ஆறிப்போனது.

பிறகு சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "பெஞ்சு குட்டை. பிள்ளைக்கு அந்த அறையைத் திறந்து குடு."

"அவ நேத்தே அங்கதான் தூங்கினா. நீங்க என்ன கேட்டாலும் 'நீங்க சொல்லுங்க'ன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாளே உங்க பையில வேற சாவியை மாத்தி வச்சிட்டேன். தினமும் போய் அவ கட்டில்ல உட்காருவேன். உங்களைக் கூப்பிடத்தான் தைரியம் வரலை."

பார்ட்லா உள்ளங்கையைப் பார்த்தார். மூன்று வருஷமாக நெஞ்சோடு வைத்துக் காத்தது, மாய்ரீன் தொலைத்துவிட்டாள் என்று அவர் திட்டித் தீர்த்த கரிக் கொட்டகைச் சாவி.