மாவோரி நிலமும் எங்கட கத்தரித் தோட்டமும்

ஊஸ்டர், சுவிற்சர்லாந்து,
சனிக்கிழமை காலை.

பேரன்புக்குரிய மைத்துனர் குகநாதன் அவர்களுக்கு,

உமது தமக்கை புனிதவதியும் நானும் இங்கு தேக சுகத்துடன் இருக்கிறோம். நீரும் உமது பாரியாரும் நொஷாட்டலில் சுகமாக இருப்பதாக நீர் அனுப்பும் படங்களில் தெரிகிறது. படத்தில் எல்லாரும் சுகமாகத்தான் தெரிவார்கள் என்பதால் அதை நான் முழுதாக நம்பவில்லை, என்றாலும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லக்கூடிய விசயத்தை இந்த மனுசன் ஏன் தாளில் எழுதி முத்திரை ஒட்டி அனுப்புகிறார் என்று நீர் யோசிப்பீர். காரணம் உண்டு. உம்மட போனுக்கு அப்டேட் போடுறதும் பாஸ்வேர்ட் மாத்திறதும் உம்மட மகள் மதுஜா. நான் எழுதப்போறதும் மதுஜாவைப் பற்றித்தான்.

பிள்ளை சூரிச் யுனிவர்சிட்டியில சட்ட வரலாறு படிக்கவெண்டு எங்கட வீட்டுக்கு வந்த நாளில இருந்து நான் அவவில ஒரு குறையும் காணேல்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். இந்தக் காலத்துப் பிள்ளை, காலமை எழும்பி மாமிக்குக் கோப்பை கழுவிக் குடுக்குது, வைச்ச கறியைக் குறை சொல்லாமல் சாப்பிடுது, நான் பழைய கதை சொன்னால் போனைக் கீழ வைச்சிட்டுக் கேக்குது. ஏன்? என்ன தேவைக்கு? இப்பிடி நான் யோசிச்சுக்கொண்டிருக்கேக்கை, ஒருநாள், "மாமா, நானும் தோட்டத்துக்கு வரட்டோ?" எண்டு கேட்டவ. வாரும் பிள்ளை எண்டு கூட்டிக்கொண்டு போன விசரன் நான்தான்.

எங்கட தோட்டத்தை நீர் பாத்திருக்கிறீர், போன கோடையில ரெண்டு பை கத்தரிக்காயும் கொண்டுபோனீர். ஊருக்கு வெளியில, ரயில் பாதையோட ஒட்டின தோட்டச் சங்கத்துக் காணி. சுவிஸ்காரர் எல்லாரும் தங்கட துண்டுக்கு வேலி அடிச்சு, நம்பர் போட்டு, குள்ளப் பொம்மையும் வைச்சிருப்பினம். கடைசியில கல்லும் காஞ்சோண்டிச் செடியுமாக் கிடந்த நீட்டுத் துண்டை மட்டும் பழைய தலைவர், செத்துப்போன புண்ணியவான், நீங்கள் தமிழர் எடுங்கோ எண்டு வாயால சொல்லிப்போட்டுப் போனவர். பதினாலு குடும்பம் அதைக் கொத்தித் திருத்தினனாங்கள். வேலி இல்லை, நம்பர் இல்லை. நேரம் உள்ளவன் தண்ணி விடுவான், தேவை உள்ளவன் புடுங்குவான். கஜலக்சுமி அக்காவின்ர பாவக்காய்க் கொடி ராசா அண்ணையின்ர பயித்தங்காயில ஏறி இருக்கும், ரெண்டு பேருக்கும் அது ஒரு கதையே இல்லை. நான் முப்பது வருசம் ஆசுப்பத்திரிக் குசினியில தட்டுக் கழுவின ஆள். பென்சன் எடுத்த பிறகு வீட்டில இருந்தால் நானும் டிவியும்தான். அங்க போனால் நான் குணசேகரம் அண்ணை, நாலு பேர் வந்து நாலு விசயம் கேப்பினம். உள்ளதைச் சொல்லுறன், அந்தத் தோட்டம் போயிடுமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு.

ஏனெண்டால் போன மாசம் கேற்றில ஒரு அறிவித்தல் ஒட்டிக் கிடந்தது. புதுத் தலைவர் ஹெர் ப்ரூனர் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்துறாராம். எங்கட துண்டுக்குச் சொந்தம் கொண்டாடுற ஆக்கள் சனிக்கிழமை சங்க வீட்டில நடக்கிற விசாரணைக்கு நேர வந்து சொல்லவேணுமாம். பத்துப் பேரின்ர பேர்தான் பதியலாமாம். வராத ஆளுக்கு உரிமை இல்லையெண்டு எடுத்துக்கொள்ளுவினமாம். சரியா அதே கிழமை எங்கட சாப்பாட்டு மேசையில மதுஜாவின்ர தாள்கள் பரவிக் கிடக்கு. எனக்கு இந்த ஊர் டொச் பாசை குறைவு, ஆனால் இங்கிலீஸ் ஊரில படிச்சது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தன். 'லாண்ட்' எண்டு கிடக்கு. 'கோர்ட்' எண்டு கிடக்கு. அரசாங்க ஓடர், முத்திரை, துண்டு துண்டாக் கோடு போட்ட காணி வரைபடம். எல்லாத்துக்கும் மேல 'நேட்டிவ்' எண்டு பெரிய எழுத்தில. வெள்ளைக்காரன் ஒருநாளும் தன்னை நேட்டிவ் எண்டு எழுதமாட்டான். அப்ப அது ஆர்? நாங்கள்தான்.

கேட்டதுக்கு, "மே நொன், இல்லை மாமா, இது நியூசிலாந்து" எண்டு உங்கட நொஷாட்டல் பிரெஞ்சில பாதி தமிழில பாதியாச் சொல்லிச் சிரிச்சவ. கையும் களவுமாப் பிடிபட்டவுடன நியூசிலாந்து. எனக்கு நியூசிலாந்து தெரியாதோ, நான் கிரிக்கெட் பாக்கிறனான். நான் நம்பாததைப் பாத்திட்டு, அடுத்த ஞாயிறு தோட்டத்தில தேத்தண்ணி குடிக்கேக்கை எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டவ. மாவோரி எண்டு அந்த நாட்டு ஆதிச் சனமாம். நிலம் முழுக் குலத்துக்கும் பொதுவாம். வெள்ளைக்கார அரசாங்கம் ஓடர் மேல ஓடர் போட்டு அவையின்ர நிலத்துக்கெண்டு ஒரு கோர்ட் திறந்துதாம். குலம் கிலம் எண்டு எங்களால எழுதேலாது, ஒரு துண்டுக்குப் பத்துப் பேரைச் சொல்லுங்கோ எண்டு கேட்டுதாம். சனமும் பத்துப் பேரைக் காவலுக்கு விட்டதா நினைச்சுக்கொண்டு வீட்டை போச்சுதாம். சட்டத்தில பாத்தால் அந்தப் பத்துப் பேரும்தான் முழுச் சொந்தக்காரர், அவையள் வித்தால் வித்ததுதான். இன்னும் கொஞ்சப் பேர், உந்தக் கோர்ட்டை நாங்கள் மதிக்கமாட்டம் எண்டு போகாமல் விட்டவையாம். போன ஆக்களின்ர கதையை மட்டும் கேட்டு, கோர்ட் அவையளுக்கே எழுதிக் குடுத்துப்போட்டுதாம். ராசா அண்ணை, பாவம் சனம் எண்டு கண்ணைத் துடைச்சவர். அதுக்குப் பிறகு, இஞ்ச அந்தப் பத்துப் பேர் ஆராயிருக்கும் எண்டு ஒரு கேள்வி கேட்டார் பாரும். ஆளையாள் பாத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிச்சம்.

கடைசியில மதுஜா என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னவ, "ஆனபடியால், மாமா, சனிக்கிழமை எல்லாரும் கட்டாயம் போகவேணும்." பாத்தீரோ? நியூசிலாந்தில தொடங்கின கதை எப்பிடி எங்கட சனிக்கிழமையில வந்து முடியும்? எங்களை அந்த வீட்டுக்குள்ள கொண்டுபோய் ப்ரூனருக்கு முன்னால இருத்துறதுக்கு ஆரோ பிள்ளையை ஏவி விட்டிருக்கினம். அதுக்குப் பிறகு அவவின்ர நடத்தையைக் கவனிச்சன். கஜலக்சுமி அக்காவிட்டைப் போய், "ஆன்ரி, இந்த இடத்தில முதன்முதல் ஆர் நட்டது? கல்லு ஆர் பொறுக்கினது?" எண்டு கேட்டு எழுதிறா. அந்த மனுசியும் வெக்கமில்லாமல் எல்லாம் தான்தான் எண்டு சொல்லுது. மாவோரிக் கோர்ட்டில, உன்ர பாட்டன் இதில எங்க நெருப்பு மூட்டிச் சமைச்சவன் எண்டுகூடக் கேப்பினமாம். நாங்கள் ஒருநாள் அங்க கோழி சுட்டதுக்கு ப்ரூனர் கத்தினது உமக்கு ஞாபகம் இருக்கும். இப்ப விளங்குதோ உம்மட மகள் ஏன் நெருப்பைப் பற்றிக் கதைக்கிறா எண்டு?

நான் சும்மா இருக்கேல்லை. அவ யுனிவர்சிட்டிக்குப் போன நேரம் பாத்து எல்லாரையும் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில கூப்பிட்டன். பத்துப் பேர் எண்டால் நாலு குடும்பம் வெளியில, இது எங்களைப் பிரிக்கிற வேலை, ஒருத்தருமே போகாட்டி ஆற்ர பேரை எழுதுவினம் எண்டு கேட்டன். எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ராசா அண்ணை பிள்ளையளில சத்தியம் பண்ணினார். கஜலக்சுமி அக்கா முருகனில பண்ணினது காணாதெண்டு நிலத்தில அடிச்சும் பண்ணினவ. இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து எங்கட சனத்திட்ட இப்பிடி ஒரு ஒற்றுமையை நான் காணேல்லை. 

இண்டைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. அங்க விசாரணை தொடங்கியிருக்கும். ப்ரூனர் வெறும் கதிரையளுக்கு முன்னால தனிய இருந்து கோப்பி குடிப்பார். நான் வீட்டில இருந்து உமக்கு இதை எழுதிறன். இடையில ராசா அண்ணைக்குப் போன் எடுத்தன், நிப்பாட்டிக் கிடக்கு. கஜலக்சுமி அக்கா எடுத்து, பிறகு கதைக்கிறன் எண்டு குசுகுசுத்துப்போட்டு வைச்சிட்டா. பின்னுக்கு ஒரே சத்தம், கோயில்ல நிக்கிறா போல. மற்றவையும் எடுக்கினம் இல்லை. கொள்கையில நிக்கிற ஆக்கள், கதைச்சால் மனம் மாறிடும் எண்டு போனைத் தொடாமல் இருக்கினம். உம்மட அக்கா சாமான் வாங்க எண்டு நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனவ. கடைக்கு ஏனப்பா சீலை எண்டு கேட்டன், சனிக்கிழமைதானே எண்டா, நியாயம்தான். மதுஜா லைப்ரரிக்கு எண்டு போனவ. அதை மட்டும் நான் நம்பேல்லை.

ஆகவே, மைத்துனர் அவர்களே, நாளைக்கே ரயில் ஏறி வந்து உம்மட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். தாய்க்கு ஏலாது எண்டு ஏதும் சொல்லும், என்ர பேரை இழுக்கவேண்டாம். படிக்கிறதெண்டால் நொஷாட்டலிலும் யுனிவர்சிட்டி இருக்கு. பெத்த தகப்பன் நீர், கோவிக்கக்கூடாது. ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒராளை ஒராள் பாத்துக்கொண்டு நித்திரை கொள்ள எனக்கு ஏலாமல் கிடக்கு.

உமது இல்லத்தில் வருத்தம் துன்பம் எட்டிப்பாராமல் இருக்கவும், உமது பாரியாரின் முழங்கால் நோ இந்தக் கோடைக்குள் விலகவும் நல்லூரானை மன்றாடுகிறேன்.

இங்ஙனம்,
உமது அத்தான்,
குணசேகரம்.

பி.கு: ஒட்டின கடிதத்தைக் கேத்தில் ஆவியில பிடிச்சுத் திறந்து இதை எழுதிறன். இப்ப சனிக்கிழமை இரவாகுது.

மத்தியானம் உம்மட அக்கா கையில ஒரு சாமானும் இல்லாமல் வந்தா. மற்றப் பதின்மூண்டு குடும்பமும் விசாரணைக்குப் போயிருக்கு. ஒவ்வொருத்தரும் தான் மட்டும் களவாப் போறதா நினைச்சு, ஒராள் பின்வாசலால, ஒராள் ஒரு பஸ் ஸ்ரொப்புக்கு முதலே இறங்கி நடந்து, ராசா அண்ணை இந்த வெயிலுக்குள்ள கம்பளித் தொப்பியை மூக்கு மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு. உள்ள போய்ப் பாத்தால் முழு ஆக்களும் இருக்கினம். எங்கட குடும்பத்துக்கு உம்மட அக்கா முன்வரிசையில. ப்ரூனர் பத்துப் பேரைச் சொல்லுங்கோ எண்டதும், ஆர் முதல் நட்டது, ஆர் கல்லுப் பொறுக்கினது எண்டு அடிபாடு தொடங்கி, கஜலக்சுமி அக்கா ராசா அண்ணையைக் கள்ளன் எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டுது. அப்ப மதுஜா எழும்பி, பத்துப் பேரை எழுதவேண்டாம், பதினாலு குடும்பமும் சேர்ந்து ஒரு ஃபெராயின், ஒரு சங்கம், நிலத்தை அந்தச் சங்கத்தின்ர பேரில எழுதுங்கோ, சட்டத்தில இடமிருக்கு எண்டு டொச்சில சொல்லியிருக்கிறா. ப்ரூனர் விட்டால் காணும் எண்டு சம்மதிச்சிட்டார். ஆனால் கையெழுத்து வைக்க ஒரு தலைவர் வேணுமாம். வந்த ஆக்கள் எல்லாரும் சத்தியத்தை முறிச்ச ஆக்கள், ஒராளை ஒராள் நம்பினம் இல்லை. முறிக்காத ஆள் ஒருத்தர்தான் எண்டு என்னை ஏகமனதாத் தெரிவு செய்திருக்கினம்.

மதுஜா வீட்டை வந்து ஒரு நக்கலும் அடிக்கேல்லை. "நியூசிலாந்திலயும் அந்தப் பத்துப் பேரை நல்ல ஆக்கள் எண்டுதான் சனம் விட்டது, மாமா. கவனமா இருங்கோ" எண்டு மட்டும் சொன்னவ. நான் சிரிச்சுப்போட்டு, பின்னேரம் வெளிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனன். ராசா அண்ணை குந்தியிருந்து மிளகாய்க் கண்டு நட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "ஆரைக் கேட்டு உதில நடுறியள்?" எண்டு கேட்டன். கேட்டது நான்தான். அவர் மண் கையோட எழும்பி, "எங்க நடட்டும், தலைவர்?" எண்டார். பகிடிக்குத்தான் கேட்டிருப்பார், ஆனால் மனுசன் சிரிக்கேல்லை.

நீர் வரவேண்டாம். பிள்ளை இஞ்சயே இருக்கட்டும். மேல எழுதின சந்தேகத்தில நான் ஒரு சொல்லையும் வெட்டேல்லை, மதுஜா எண்டு வாற இடமெல்லாம் குணசேகரம் எண்டு மாத்தி வாசியும்.