எந்தவீட்டு அண்ணனும் உலர்எடையும்

எங்கள் முதலாளி பொய் சொல்கிறார். 'எந்தவீட்டு அண்ணன்' தானாக வேலையை விட்டுப் போகவில்லை. இவர்தான் போகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்து நான் கேட்டேன்.

தக்கலையில் டீ குடிக்கக்கூட விலாசம் கேட்கிற மனிதர் அண்ணன் ஒருவர்தான். டீ வந்திருக்கிறது என்றால் கை நீட்ட மாட்டார். "எந்த வீட்டு டீ?" என்பார். கடையும் அவருக்கு வீடுதான். மேலக்கடை டீ என்று சொன்ன பிறகே டம்ளரைத் தொடுவார். கூட வேலை செய்த ஒருவன் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தான். அச்சில் வீட்டுப்பேர் விட்டுப்போயிருந்தது. அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவால் எழுதிக் கொடுத்தான். அந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய், கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு வந்தவரும் அண்ணன்தான்.

எங்கள் பக்கம் வீட்டுப்பேர் சொல்லாமல் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. சரி. அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக வேண்டுமா?

ரப்பர் வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஃபங்ஷனல் வகைக் கம்ப்யூட்டர் மொழி ஒன்றில் எழுதுகிறோம். நிரலைத் தனித்தனி மாட்யூல்களாகப் பிரித்து வைப்போம். அண்ணனுக்கு ஒவ்வொரு மாட்யூலும் ஒரு வீடு. மரத்திலிருந்து வடிகிற பாலில் பாதிக்குமேல் தண்ணீர். அதனால் பாலின் எடை வேறு, உலர்ந்த ரப்பரின் எடை வேறு. கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வெறும் எண். குழம்பிவிடக் கூடாது என்று அண்ணன் தன் மாட்யூலில் 'பால்எடை', 'உலர்எடை' என்று இரண்டு டைப்புகளை, அதாவது எண்ணுக்கு இரண்டு தனி இனங்களை உண்டாக்கினார். மற்ற மாட்யூல்கள் அவற்றை வாங்கிப் புழங்கலாம், சொந்தமாக உண்டாக்க முடியாது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று சோதித்த விவரத்தைக் கொடுத்தால் அவருடைய ஃபங்ஷன் கணக்கிட்டு உலர்எடையைத் தரும். வேறு வாசல் கிடையாது.

அந்த வாசலில் போய் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. உலர்எடையைப் பற்றி அவர் எழுதிய வரியை நகலெடுத்து என் மாட்யூலில் போட்டுக்கொண்டேன். எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் சொன்னது: 'தேவை உலர்எடை. வந்திருப்பது உலர்எடை.' மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

"என்னட்டி, மேஜை என்ன செஞ்சு?" என்று அண்ணன் வந்தார்.

"இந்தக் கழுதைக்குக் கண்ணு தெரியல்ல அண்ணே. ரெண்டும் உலர்எடைதானே?"

"எந்த வீட்டு உலர்எடை?"

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். என்ன வீடு?"

"இரணியல்ல இருக்கிற ஒனக்க அப்பா பேரு என்ன?"

"தங்கப்பன்."

"தக்கலை பஸ் ஸ்டாண்டுல நின்னு தங்கப்பான்னு விளிச்சா பத்துப் பேரு திரும்புவான். அத்தன பேரையும் அப்பான்னு சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

அலுவலகமே சிரித்தது. எனக்கு ஆத்திரம். ஆனால் நகலை அழித்துவிட்டு, அவர் மாட்யூலிலிருந்தே அந்த டைப்பை வாங்கினேன். அடுத்த நொடி கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

குலசேகரத்து வியாபாரி ஒருவர் எங்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தார். முந்தின நாள் முதலாளி அண்ணனிடம் வந்தார். "ஏலே, வேலை இழுத்துட்டே போவுது. எல்லா மாட்யூலும் தோணின இடத்துல எடைய உண்டாக்கட்டும். தொறந்து விடு."

"தொறந்தா பாலும் ரப்பரும் ஒண்ணாப் போவும் சாரே."

"நீ என்ன, வாட்ச்மேனா?"

"ஆமா சாரே."

"அப்போ வேற எவனுக்க கேட்லயாவது போய் நில்லு."

அண்ணன் தன் டம்ளரைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

முதலாளியே உட்கார்ந்து வாசலைத் திறந்தார். அவசரத்துக்குச் சில வரிகளும் எழுதினார். மறுநாள் வியாபாரி தன் தோட்டத்துப் பாலின் எடையை அடித்தார். அவ்வளவும் உலர்ந்த ரப்பர் என்று திரை காட்டியது.

"சாரே, எனக்க மரத்துல சொட்டுத் தண்ணி இல்லியா? இவ்வளவு நாளும் ரப்பர் ஷீட்டையா வடிச்சிட்டு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்து முடித்துக் கிளம்பினார். அப்புறம் வரவே இல்லை.

"அவன் எழுதின மாட்யூல் சரியில்ல" என்று முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த வேலை தேடிப் போன இடங்களிலும் அண்ணனுக்கு முன்னால் அந்தப் பேச்சு போய் நின்றது. நான் வாசலைப் பழையபடி அடைத்துப் பார்த்தேன். உடனே கம்பைலர் ஒரு வரியைத் தவறென்று காட்டியது. பால்எடையை அப்படியே உலர்எடையாக்க முதலாளி தன் கைப்பட எழுதிய வரி. அழைத்துக் காட்டினேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஜன்னலோரம் இருந்த டம்ளரை எடுக்கப் போனாள். "ஏட்டி, அது எந்த வீட்டு டம்ளர்னு தெரியுமா?" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள்.

முதலாளி, ஊர் முழுக்கச் சொன்னீர்களே, இப்போது ஊர் படிக்க, நான் இதை எழுதும் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்: அந்தத் தவறு எந்த வீட்டுத் தவறு? எழுதிவிட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். மேலக்கடையில் டீ நான் சொல்லிவைக்கிறேன்.