யமுனைக் கரையில் ஒரு நியூசிலாந்து

பாரத தேசத்தில் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தவர் யார் என்று பிற்காலத்தில் ஆராயப் போகிறவர்கள் வீணாக அலைய வேண்டாம். அவர் பெயர் பாலசுப்ரமணியம். தில்லியில், மேய்ச்சல் நில மறுமலர்ச்சி இயக்ககத்தில் துணை இயக்குநர். கை சுத்தமானவர். ஆபீஸ் கோப்பு ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு முடித்ததும் இல்லை.

இந்த மகானுக்கு ஞானம் பிறந்த இடம் நியூசிலாந்து. பதினோரு நாள் "கல்விச் சுற்றுலா". தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிப்போன காய்ந்த நார்த்தங்காயை அந்த ஊர் விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். தேசத்துக்காக அதையும் பொறுத்துக்கொண்டார். பத்தாம் நாள், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் நடத்தும் பால் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த மாவோரிப் பெண்மணி ஒருவர் பழைய கதையைச் சொன்னார்.

"எங்கள் ஆட்களுக்கு வேலையே இல்லாத காலம் அது. எங்கள் நிலத்தை மேம்படுத்துகிறோம் என்று சர்க்கார் எடுத்துக்கொண்டு மாட்டுப் பண்ணைகள் ஆக்கியது. வேலையும் கிடைத்தது."

பாலசுப்ரமணியம் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார். "ஆனால் எங்கள் நிலத்திலேயே எங்கள் பேச்சு எடுபடவில்லை. அதைத் திரும்பக் கைக்கு வாங்குவதற்குள்..." என்று அந்த அம்மாள் தொடர்ந்தபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. குறிப்பேட்டை மூடிவிட்டார். அறிக்கையில் எந்தப் பாதி இடம்பெற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய மறுவாரமே "யமுனைக் கரைக் கறவைப் பண்ணை வழி வேலைவாய்ப்புத் திட்டம்" பிறந்தது. நிலம் கூடத் தயாராக இருந்தது. ஆற்றோரம் முப்பது ஏக்கர், அத்தனையும் புல். விதி ஒன்றே ஒன்றுதான்: வேலை பெறுகிறவர் அதே இடத்தில் வசிக்கும், வேலையில்லாத ஆளாக இருக்க வேண்டும். கணக்கெடுக்கப் போன ஆலோசகர் மதுமதி வாடிய முகத்தோடு கூட்டத்துக்கு வந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் கொஞ்சம் நொண்டும்.

"சார், பெரிய ப்ராப்ளம். அங்க பதினொரு ஃபேமிலி இருக்காங்க. எல்லாருமே எருமை வெச்சு பால் ஊத்தறாங்க. மத்லப், ஒருத்தர்கூட பேரோஜ்கார் இல்லை."

வேலையில்லாதவரே இல்லாத இடத்தில் வேலை கொடுப்பது எப்படி? சமோசாவை நோக்கிப் போன கைகள் பாதியில் நின்றன. பாலசுப்ரமணியம் மட்டும் கண்ணை மூடி யோசித்தார்.

"நிலத்தை நாம எடுத்துக்கிட்டா எருமை எங்க மேயும்?"

"மேயாது சார்."

"எருமை மேயலைன்னா அவங்களுக்கு என்ன வேலை?"

மதுமதியின் முகம் மெல்ல மலர்ந்தது. "அச்சா... அப்போ எல்லாரும் எலிஜிபிள் சார்."

மேஜையைத் தட்டினார்கள். ஒரே கையெழுத்தில் நிலமும் கிடைத்தது, வேலையில்லாதவர்களும் கிடைத்தார்கள். எந்த நாட்டு நிர்வாகியாவது இவ்வளவு சிக்கனமாகக் காரியம் முடித்ததுண்டா?

அடுத்த நாள் காலை மதுமதியையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே ஆய்வுக்குப் போனார். ஆறு எருமைகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவள் அம்சவேணி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். எருமைகள் இருந்தன.

"இந்த இடத்துல என்னம்மா இருக்கு?"

"புல்லு சார்."

"புல் மட்டும்தானா?"

"எருமைக்கு அது போதும் சார்."

அவர் மதுமதி பக்கம் திரும்பி, "எழுதிக்கோ. நிலம் பயன்பாடற்றது. புல்லைத் தவிர எதுவும் இல்லை" என்றார்.

அம்சவேணி இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மாமனார் காலத்துக் குத்தகைத் தாள். பாலசுப்ரமணியம் அதை முழுக்கப் படித்தார். அவருடைய நேர்மைக்கு இது ஒரு சான்று.

"தாள் செல்லும்மா. நான் இல்லேங்கல. ஆனா இது மேய்ச்சலுக்குக் குடுத்த குத்தகை. மேய்ச்சல் நின்னா குத்தகையும் நின்னுடும்."

"மேய்ச்சல் எதுக்கு சார் நிக்குது?"

"இங்க பால் பண்ணை வரப்போகுதே."

"அப்ப இது என்னா சார்?" என்று தன் எருமைகளைக் காட்டினாள்.

"இது எருமை மேய்க்கிறது. பண்ணைன்னா போர்டு இருக்கும்."

அவள் தாளை வாங்கி மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இந்த எடம் போச்சுன்னா இதுங்க ஆறும் போயிடும் சார். அப்புறம் நான் யார் வூட்லனா பாத்திரந்தான் தேய்க்கணும். வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. விவரம் சொல்வது மாதிரித்தான் சொன்னாள்.

பாலசுப்ரமணியத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஐயோ பாவம், என்ன ஆதரவற்ற நிலை. இப்படிப்பட்டவளுக்குக் கட்டாயம் ஒரு வேலை கொடுத்தே தீருவது என்று காரில் ஏறும்போதே உறுதி பூண்டார். ஆகவே வேலி போடும் பணி இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்கியது.

திட்டம் மளமளவென்று வளர்ந்தது. முதலில் போர்டு வந்தது, மூன்று மொழிகளில். பிறகு வாசல் வளைவு. பிறகு நியூசிலாந்திலிருந்து வரப்போகும் நூறு பசுக்களுக்கான கொட்டகை. குளிர் தேசத்துப் பசுக்கள் தில்லி வெயிலைத் தாங்குமா? அதற்காகப் பன்னிரண்டு ஏர்கூலர்கள். பசுக்களுக்கான டெண்டர் ஏதோ ஒரு மேஜையில் தங்கிவிட்டதால் தற்போது கூலர்களுக்கு எதிரே அலுவலர்கள் உட்கார்ந்து, அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பகல் முழுவதும் "பரிசோதித்து" வருகிறார்கள். வேலிக்கு வெளியே புல் கிடைக்காமல் எருமைகள் ஒவ்வொன்றாக ஹரியானா வியாபாரிகள் கைக்குப் போயின. அம்சவேணியின் கடைசி எருமை லாரியில் ஏற மறுத்தது. அவளே போய்த் தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டாள். அன்றைக்கு மட்டும் அழுதாள். அன்றைய முன்னேற்ற அறிக்கையில், "வேலையில்லாதோர் எண்ணிக்கை இலக்கை எட்டியது" என்று பாலசுப்ரமணியம் மகிழ்ச்சியோடு பதிவு செய்தார்.

பயனாளிகள் பதிவு நாள் வந்தது. ஷாமியானா, மேஜை, தண்ணீர் பாட்டில், செவ்வந்தி மாலை. தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் வந்து பாலசுப்ரமணியத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சென்னையில் பல வருஷம் இருந்தவர். தமிழ் நன்றாகப் புரியும். முதல் பயனாளியாக அம்சவேணியை அழைத்தார்கள். காலியான கொட்டகையைக் கூட்டும் வேலை அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்தின் கேள்விகளை மதுமதி வாசித்து, அம்சவேணி சொல்லும் பதிலை எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

"நேம் எழுதியாச்சு. அனுபவம் ஏதாவது உண்டா?"

"இருபத்திரண்டு வருஷம் எருமை வெச்சிருந்தேம்மா."

"எந்த இடத்துல?"

"நீ மேஜை போட்டிருக்கியே, அங்கதான்."

பெரிய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலசுப்ரமணியம் சட்டென்று அவர் பக்கம் குனிந்து, "அனுபவசாலிகளாப் பார்த்துத்தான் சார் எடுத்திருக்கோம். பயிற்சியே தேவைப்படாது" என்றார். அதிகாரி தலையசைத்தார். இணை இயக்குநர் பதவி கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது பாலசுப்ரமணியத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஜல்தி முடிச்சிடலாம், லாஸ்ட் கட்டம்" என்றாள் மதுமதி. "முன்பு பார்த்த வேலை போனதற்குக் காரணம்?"

அம்சவேணி குனிந்து விண்ணப்பத்தில் மதுமதியின் விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மரியாதையாகவே, பாலசுப்ரமணியத்திடம் கேட்டாள்:

"கட்டம் சின்னதா இருக்குது சார். உங்க பேரை மட்டும் எழுதினாப் போதுமா, உத்தியோகத்தையும் சேத்து எழுதணுமா?"