இருமத் தெரிந்த இன்ஜின்

டெல்மர் பியாசெக்கியின் பழைய கார், பழங்காலக் கார்களின் கண்காட்சி மைதானத்து வாசலில் நின்றுவிட்டது. போன வருடமும் அதே இடத்தில்தான் நின்றது. நல்லவேளையாக அங்கே லேசான இறக்கம் இருந்ததால், சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வெள்ளைச் சட்டையில் கறைபடாமல் விரல் நுனியால் தள்ளியே அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

தலைமை நடுவர் வெண்டல் க்ரோகன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது, வெள்ளைக் கையுறை, புன்னகை என்று ஒன்று இருப்பதாகவே யாரும் அவரிடம் சொல்லாத முகம்.

"அடுத்த வருஷம் கடைசி வாய்ப்பு தம்பி. அதுக்கப்புறம் விண்ணப்பத்துலேருந்து பேரை அடிச்சிடுவோம்," என்றார்.

அசல் கார் சங்கத்தில் உறுப்பினராகச் சேர இரண்டே விதிகள். ஒன்று, காரும் இன்ஜினும் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும். கார் பிறந்த தேதிக்குப் பிறகு செய்த ஒரு திருகாணிகூட உள்ளே இருக்கக் கூடாது. இரண்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது, தன் சக்கரத்தில் ஓடி வர வேண்டும். டெல்மரின் கார் பிறந்தது 1969 பிப்ரவரி பதினொன்று. முதல் விதியைக் காப்பாற்றினால் இரண்டாவது விதி காலை வாரிவிட்டது.

இதில் போனது வெறும் கௌரவம் என்றால் டெல்மர் கவலைப்பட்டிருக்க மாட்டார். முப்பத்துநாலு வருடம் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் காது செவிடாகும்படி உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மனைவி ரோண்டா இன்னும் வேலைக்குப் போகிறாள். பேச ஆள் கிடையாது. வியாழக்கிழமை காலைகளில் ஊர் உணவுக்கடையின் வட்ட மேசையில் சங்கத்தார் உட்கார்ந்து பழைய இன்ஜின்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அந்த மேசையில் உறுப்பினர் அல்லாதவர் உட்கார முடியாது. டெல்மர் கல்லாப் பக்கத்து உயர நாற்காலியில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்பார். அவர்கள் சிரித்து முடித்த பிறகு, பாதிதான் காதில் விழுந்த நகைச்சுவைக்கு இவரும் தனியாகச் சிரிப்பார். அந்த மேசையில் ஒரு நாற்காலி கிடைக்காதா என்று அவர் ஏங்கியது, இருபது வயதில் ரோண்டாவுக்காக ஏங்கியதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

ஒருமுறை துணிந்து, உங்கள் கார்கள் எல்லாம் எப்படி ஓடுகின்றன என்று வெண்டலையே கேட்டுவிட்டார். பொறுமையும் நேர்மையும் என்று பதில் வந்தது. டெல்மர் அதை வீட்டுக்கு வந்ததும் கராஜ் சுவரில் எழுதி ஒட்டினார்.

பொறுமையோடு ஆரம்பித்தார். வண்டி நின்றதற்குக் காரணம் பெட்ரோல் பம்ப். இப்போது விற்கிற பெட்ரோலில் கலந்திருக்கும் சாராயம் அதன் பழைய ரப்பரைத் தின்றுவிட்டிருந்தது. நெப்ராஸ்காவில் ஒரு விவசாயியிடம் ஐம்பது வருடமாகப் பிரிக்காத பெட்டியில் அசல் பம்ப் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு நாள் பயணம் போய் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தபோது கண் கலங்கியது. மாட்டிப் பார்த்தபோது, உள்ளே இருந்த ரப்பர் வற்றல் மாதிரி ஒடிந்தது. பெட்ரோல் கசிந்து, கராஜ் மூலையில் ரோண்டா வைத்திருந்த கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகள் நனைந்தன.

அடுத்துத் தேய்ந்துபோனது கேம்ஷாஃப்ட். வால்வுகளை ஏற்றி இறக்கும் அந்தத் தண்டும் அசலாக வேண்டும் என்று தேடிப் பிடித்து, இன்ஜின் கட்டுகிற ஆர்லோவின் பட்டறையில் கொடுத்துப் போட்டார். ஆர்லோ பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன். இருபது நிமிடம் இன்ஜின் ஓடியது. பிறகு உள்ளே யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். திறந்து பார்த்தால் தண்டின் மேடுகள் மழுங்கி, எண்ணெய் முழுக்க இரும்புத் தூள்.

"அந்தக் காலத்து எண்ணெயில ஒரு மருந்து இருந்துச்சு. இப்ப எடுத்துட்டாங்க," என்றான் ஆர்லோ. "இன்ஜின் பழசு, எண்ணெய் புதுசு, பெட்ரோல் புதுசு. இவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. இவ்வளவு பாடு எதுக்கு? உள்ள எல்லாத்தையும் புதுசாப் போடு."

டெல்மர் சுவரில் ஒட்டியிருந்த சொற்களில் இரண்டாவதை நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டார். இரும்புத் தூளைக் கழுவ இன்ஜின் மொத்தமும் பிரிக்கப்பட்டு, ரோண்டாவின் கார் வழக்கமாக நிற்க வேண்டிய இடத்தில் பரப்பப்பட்டது. ரோண்டாவின் கார் ஆறாவது குளிர்காலமாகப் பனியில் நின்றது. தினமும் காலையில் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். பிப்ரவரியில் ஒரு நாள் சுரண்டும் கட்டை உடைந்தது. உடைந்த கட்டையோடு கராஜுக்குள் வந்தாள்.

"கார் ஓடணுமா, அந்த மேசையில உக்காரணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தான்," என்றார் டெல்மர் பரிதாபமாக.

"அப்ப ஆர்லோ சொல்றதைக் கேளு. வெளியில பழசு, உள்ள புதுசு. நான் தலைக்குச் சாயம் அடிக்கிறது இல்லையா? யாரு வந்து கேட்டா?"

டெல்மர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு ஆர்லோவுக்கு போன் செய்தார்.

ஆர்லோ கைகாரன். பழைய கார்புரேட்டரின் வயிற்றைக் குடைந்து அதற்குள் கணினி சொல்கிறபடி பெட்ரோல் பீய்ச்சும் கருவியை ஒளித்தான். தீப்பொறி கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அடியில் மின்னணுப் பலகை. பம்ப் பெட்ரோல் தொட்டிக்குள் மூழ்கிவிட்டது. புது பிஸ்டன், புது வால்வு, உருளை வைத்த புதுத் தண்டு. மேலே மட்டும் 1968 கடைசி என்று தேதி அச்சடித்த ஒயர்கள், தொழிற்சாலைக்காரன் சாக்பீஸில் கிறுக்கின அதே கிறுக்கல், அவசரத்தில் அவன் ஒழுகவிட்ட அதே பெயிண்ட். அசலைவிட அழகாக அடித்தால் மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால், பெயிண்டை ஆர்லோ இடது கையால் அடித்தான்.

மே மாதம் இன்ஜின் ஓடியது. ஆர்லோவுக்கே வாய் நிறையப் பேச்சு வந்துவிட்டது. "ஒரு சொட்டு ஒழுகாது. பெட்ரோல் வாசனைகூட வராது. பானட் மேல ஒரு டம்ளர் தண்ணி வை, அலுங்காது."

டெல்மரின் முகம் தொங்கிவிட்டது. எண்ணெய் ஒழுகாத 1969 மாடலை இந்த மாநிலத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? நடுவர்கள் காருக்கு அடியில் வெள்ளை அட்டை போட்டுப் பார்ப்பார்கள். அட்டை வெள்ளையாகவே இருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரோண்டாவின் கண் மருந்துக் குப்பியில் எண்ணெய் நிரப்பி, இன்ஜினுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கட்டினார். மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு. முதல் முயற்சியில் அது சொட்டாமல் ஊற்றி, ரோண்டா புதிதாக சிமெண்ட் பூசியிருந்த வாசலில் ஒரு பெரிய வட்டத்தை வரைந்தது. பெட்ரோலில் நனைத்த துணி ஒன்றைக் காற்று வடிகட்டிக்குப் பின்னால் செருகினார். அந்த வாசனையில் ரோண்டாவுக்கு இரண்டு நாள் தலைவலி.

"ஆறு வருஷம் ஒழுகுறதை நிறுத்தப் பாடுபட்ட. இப்ப ஒழுகவைக்கப் பாடுபடுற," என்றாள் அவள், வாசலைத் தேய்த்துக்கொண்டே.

மிச்சம் இருந்தது, இன்ஜின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடுகிற குறை. ஆர்லோ மடிக்கணினியைக் கொண்டுவந்து இணைத்து, அதற்கு இருமக் கற்றுக்கொடுத்தான். நாற்பது நொடிக்கு ஒருமுறை ஒரு இருமல், கூடவே ஒரு நடுக்கம். டெல்மர் மகிழ்ந்துபோனார். ரோண்டா காப்பிக் கோப்பையோடு வந்து கொஞ்சநேரம் கேட்டாள்.

"இது கடிகாரம் மாதிரி இருமுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆர்லோ இருமலைக் கலைத்துப்போட்டான். இப்போது பத்து நொடியில் ஒன்று, ஐம்பது நொடியில் ஒன்று, சிலசமயம் சேர்ந்தாற்போல் இரண்டு. கேட்கவே பாவமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அதை அசல் என்றுதான் சத்தியம் செய்வார்கள். குறைகளைத் தேடித் தேடிச் சேர்த்ததில் எல்லாக் குறையும் வந்துவிட்டதாக டெல்மர் நம்பினார்.

ஜூன் மாதச் சனிக்கிழமை. கார் வாசலைத் தாண்டி, இறக்கத்தைத் தாண்டி, இருமிக்கொண்டே மைதானத்துக்குள் போய் நின்றது. போன வருடம் தள்ளின நாலு பேரும் கை தட்டினார்கள். 'அனைத்தும் அசல் என உறுதி கூறுகிறேன்' என்ற தாளை நீட்டினார்கள். டெல்மர் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்தை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

ஐந்து நடுவர்கள் டார்ச் விளக்கும் கண்ணாடியுமாக இன்ஜினைச் சூழ்ந்துகொண்டார்கள். எண்களைப் பார்த்தார்கள். தேதிகளைப் பார்த்தார்கள். ஒழுகின பெயிண்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வெண்டல் வெள்ளை அட்டையில் விழுந்த எண்ணெய்ச் சொட்டை விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, திருப்தியோடு கையுறையைத் துடைத்துக்கொண்டார். இன்ஜின் நன்றாக ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். டெல்மருக்கு அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார் வெண்டல்.

டெல்மர் உட்கார்ந்து சாவியைத் தொட்டார். தொட்டதுதான். முழுதாகத் திருப்புவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது, நேற்றுக் கடையிலிருந்து வந்த காரைப்போல.

இது டெல்மருக்குத் தோன்றவே இல்லை. ஒழுகுவதையும் நாறுவதையும் இருமுவதையும் யோசித்த மூளை இதை விட்டுவிட்டது. ஆறிக் கிடந்த பழைய இன்ஜின் இப்படி எழுந்திருக்குமா? கராஜில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அப்பாடா என்றுதான் இருந்ததே தவிர, அது ஒரு குறை என்று யாருக்கும் படவில்லை.

நடுவர்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஜின், காலம் கடந்து, இரண்டு முறை இருமியது.

வெண்டல் குறிப்பேட்டை மூடினார். மெதுவாகக் காரைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். டெல்மருக்கு வட்ட மேசை கண்ணில் நின்றது. இனி அந்த உணவுக்கடைக்கே போக முடியாது, ஊரில் தலைகாட்ட முடியாது, ரோண்டாவிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவது மேல் என்று முடிவு செய்தார்.

"மிஸ்டர் க்ரோகன், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

வெண்டல் விரலை உயர்த்தி நிறுத்தினார். பின்னால் பொதுமக்கள் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை வந்து உக்காரு," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா சாவியைத் திருப்பினா மூணு தடவை திணறிட்டுப் பிடிக்கிற மாதிரி கணினியில எழுதச் சொல்லு தம்பி, முதல் வருஷம் எங்க எல்லாருக்குமே அதுதான் மறந்துபோச்சு."