என்னை மட்டும் கடியாது

கடிக்கிற கிளியை வளர்ப்பவர்கள் இரண்டு வகை. கிளி கடிக்கிறதே என்று கவலைப்படுகிறவர் முதல் வகை. அவர் பாவம், விட்டுவிடுவோம். கிளி ஊரையெல்லாம் கடிக்கிறது, தன்னை மட்டும் கடிப்பதில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர் இரண்டாவது வகை. கொழும்பு வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் எந்த மாடிக்கு ஏறினாலும் இவரைச் சந்திக்கலாம். எங்கள் மாடியில் அவருக்குப் பெயர் சிவபாதசுந்தரம், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். கிளிக்குப் பெயர் ராசா. வெளிநாட்டு இனம், மஞ்சள் உடம்பு, முழ நீளம்கூட இல்லை. அதன் அலகுக்கு மட்டும் அது தெரியாது.

நீங்கள் போய்க் கதிரையில் இருக்கிறீர்கள். ராசா அவர் தோளில் இருந்தபடி உங்களை ஒற்றைக் கண்ணால் அளக்கிறது.

"ஒண்டும் செய்யாது. கையை நீட்டுங்கோ."

நீட்டுகிறீர்கள். கடிக்கிறது. இரத்தம் வருகிறது. அவர் உங்கள் விரலையா பார்ப்பார்? கிளியின் முகத்தைப் பார்ப்பார். "பயந்திட்டியே, ராசா?" பிறகு உங்கள் பக்கம் திரும்பி விசாரணையைத் தொடங்குவார்: நீங்கள் கையை வேகமாக நீட்டினீர்கள், அல்லது மெதுவாக நீட்டினீர்கள், மோதிரம் மினுங்கியது, மத்தியானம் மீன் சாப்பிட்டிருக்கிறீர்கள், சேலை சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மனதுக்குள் ஒரு பயம் இருந்தது, அதை அது மணந்து பிடித்துவிட்டது. ஆக, பிழை உங்களுடையது. இதன்பின் ஒரு கஜுக்கொட்டையைத் தன் உதடுகளுக்கு இடையில் வைப்பார். ராசா அதைப் பூப்போல எடுக்கும். அவர் உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தது.

காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஜீவராஜின் காதை ராசா பதம் பார்த்தபோதும் இதே கதைதான்.

"அது கடிக்கேல்லைத் தம்பி, கொஞ்சினது."

"கொஞ்சுனதுக்கே இவ்வளவு ரத்தமா ஐயா? கோவப்பட்டா என்னா செய்யும்?"

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மகள் உஷாந்தி, தன் மூன்று வயதுப் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவாள். ஒரு ஞாயிறு ராசா பிள்ளையின் சின்ன விரலைப் பிடித்துவிட்டது. இரண்டு தையல். "பிள்ளை சத்தம் போட்டவள், அதுதான்" என்றார் தாத்தா. உஷாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "அது கடிக்கிற வரைக்கும் நாங்கள் வரமாட்டம்." ஐந்து மாதம் வரவில்லை. அவர் மனைவி பத்மாவதி அக்கா ஞாயிறு தவறாமல் பிள்ளைக்குப் பிடித்த புட்டை அவித்து, தானே சாப்பிட்டு முடித்தார்.

கிளியைத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். மிருக வைத்தியர் பர்ஹாவிடம் கேட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் உஷாந்தி தாய் தகப்பன் இருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். சிவபாதசுந்தரம் அதை உரத்து வாசித்துவிட்டு, "என்னோட அதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று போனை வைத்தார்.

அப்போதுதான் கனடாவில் அவருடைய அண்ணரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. இவருக்கு விசா கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மாதப் பயணம். வாசலில் நின்று, "உம்மைக் கடிக்கும், கவனம்" என்றார். குரலில் கவலை கொஞ்சம், பெருமை நிறைய.

அக்கா போனை எடுத்து மகள் அனுப்பியதை மறுபடி வாசித்தார். தோளில் ஏறும் பழக்கம் முதலில் நின்றது. சூரியகாந்தி விதையை நீளக் கரண்டியில் வைத்து நீட்டினார், ஒரு கிழமைக்குப் பிறகு சின்னக் கரண்டி, பிறகு விரல். இறகு சிலிர்த்தால் கிட்டப் போகவில்லை. கடித்தபோது கத்தவுமில்லை, கையை வெடுக்கென்று இழுக்கவுமில்லை. பேசாமல் கூட்டில் விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். பொழுதுபட்டதும் கூட்டை மூடித் தூங்கவைத்தார். எல்லாரையும் கடித்த ராசாவுக்கு அதுவரை ஒழுங்கான நித்திரையே இருக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து நாள்தோறும் அழைப்பு வந்தது.

"என்னைத் தேடுதோ?"

"இல்லை."

"சாப்பிடுதோ?"

"நல்லாச் சாப்பிடுது."

அதோடு அவர் போனை வைத்துவிடுவார்.

அவர் திரும்பி வந்த ஞாயிறு, உஷாந்தி வந்திருந்தாள். பிள்ளை நீட்டிய கரண்டியிலிருந்து ராசா விதை எடுத்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் அவர் கையிலும் ஏறியது. ஏறிவிட்டு, பின்னால் சிலிண்டரோடு வந்த ஜீவராஜின் கைக்கும் போனது. எந்த வித்தியாசமும் காட்டவில்லை.

மறுநாள் அவர் கிளியோடு டொக்டர் பர்ஹாவிடம் போனார்.

"என்ன செய்யுது அங்கிள்?"

"கடிக்குதில்லை."

"முந்தி யாரைக் கடிச்சது?"

"எல்லாரையும். என்னைத் தவிர."

டொக்டர் கிளியைச் சோதித்தார். பிறகு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிளிக்கு ஒண்டுமில்ல அங்கிள். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

எடுத்தாரா? புதன்கிழமை பத்மாவதி அக்கா சந்தையிலிருந்து வரும்போது, மனுஷன் கூட்டுக்கு முன்னால் நின்று சிவப்புத் துவாயை ஆட்டிக்கொண்டிருந்தார். "கடி ராசா, கடி. உன்ர ரோஷம் எங்கை போட்டுது?"

அக்கா மரக்கறிப் பையை இறக்கி வைத்தார். கத்தவில்லை, அந்தப் பழக்கம்தான் விட்டுப்போயிற்றே.

"இஞ்சாருங்கோ. அஞ்சு மாசம் என்ர பேத்தியைக் காணாமல் இருந்தனான். இனி இது ஒருத்தரைக் கடிச்சாலும், இந்த வீட்டை விட்டுப் போறது கிளி மட்டுமில்லை."

துவாய் கொடிக்குப் போனது. இப்போது ராசாவுக்கு எல்லோரும் ஒன்று, அவரும் அந்த எல்லோரில் ஒருவர். அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் கந்தோரில் எல்லோர்மீதும் எரிந்து விழுகிற ஒரு மனேஜர் இருப்பாரே, "என்னோட மட்டும் நல்ல மாதிரி" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? நாளைக்கு அவர் வாசல் காவலாளியோடும் சிரித்துக் கதைத்தால் உங்களுக்கு முதலில் வருவது சந்தோஷமா, இல்லை மனுஷனுக்கு ஏதும் சுகமில்லையோ என்ற யோசனையா?