கஷ்டம் கற்றுத்தரப்படும்

ஒரு காட்டில் செவந்தி என்றொரு கழுதைப் பெண் இருந்தாள். கழுதை என்றதும் உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததே, முதலில் அதைத் துடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்டிலேயே கணக்கில் முதல் மதிப்பெண் அவளுடையதுதான். விடியற்காலையில் அம்மா பேச்சியோடு சூளைக்குப் போய்ச் செங்கல் சுமப்பாள். பிறகு முதுகை உதறிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவாள்.

மலையுச்சியில் ஆந்தைகள் நடத்தும் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று குதிரைகளே சொல்லும். செவந்திக்கோ அங்கே போய்க் கணிதம் படிக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த வருடம் ஆந்தைகளுக்குத் திடீரென்று மனசாட்சி உறுத்தியது. "இனி மதிப்பெண்ணை மட்டும் பார்க்க மாட்டோம். வாழ்க்கையில் பட்ட கஷ்டத்தைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுத வேண்டும். நெஞ்சைத் தொட்டால் இடம் உண்டு, கட்டணம் கிடையாது" என்று அறிவித்தன.

"நமக்குன்னே சொன்ன மாதிரி இருக்குடி!" என்றாள் பேச்சி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வசதியான வீடுகளிலோ அன்றைக்கு அடுப்பே எரியவில்லை. "ஒரு குறையும் வைக்காம வளர்த்து, பிள்ளையோட எதிர்காலத்தையே கெடுத்துட்டோமே!" என்று மயில் தம்பதி தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கோச்சிங் சென்டர் நடத்தும் நரி நாச்சியப்பன் ஓடி வந்தார். "எதுக்கு சார் பயப்படறீங்க? ரித்விக் தம்பியை ஒரு வாரம் எங்க முகாம்ல விடுங்க. நல்லா கஷ்டப்படுத்தி அனுப்பறேன்."

முகாம் நடந்த இடம் பேச்சியின் குடிசை. கூடுதலாக ஒரு கட்டுப் புல் தருகிறேன் என்று நரி சொன்னதும் அவள் சம்மதித்துவிட்டாள். வந்த பிள்ளைக்குக் கூரை ஒழுகாத ஒரே மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். மறுநாள் ரித்விக் ஒரு செங்கல்லைத் தூக்கினான். தோகையில் தூசி ஒட்டியது. அழுதான். மீதிச் செங்கல்லையெல்லாம் செவந்திதான் சுமந்தாள்.

கிளம்பும்போது கேட்டான். "செவந்தி, நீ எந்தக் கஷ்டத்தை எழுதப் போற?"

"அதான் தெரியல. வாத்தியார் வராத அன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். மத்தபடி ஒண்ணுமில்லையே."

அதையேதான் எழுதினாள், பைத்தியக்காரப் பெண். "எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. காலையில் சூளை வேலை, அப்புறம் பள்ளி. அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. அது அம்மாவின் கஷ்டம், என்னுடையது என்று சொல்லக் கூடாது." மிச்ச இடத்தில் தனக்குப் பிடித்த கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தாள்.

ரித்விக்கின் கட்டுரை இப்படித் தொடங்கியது: "அந்தச் செங்கல்லைத் தூக்கியபோது, ஒரு வர்க்கத்தின் கண்ணீரை என் சிறகில் உணர்ந்தேன்." தலைமை ஆந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு முத்திரை குத்தியது. மயில் பிள்ளைக்கு இடமும் கிடைத்தது, கட்டணமும் தள்ளுபடி ஆனது.

செவந்தி மலையேறிப் போய்க் கேட்டாள். ஆந்தை அன்பாகத்தான் பதில் சொன்னது. "மகளே, மதிப்பெண்ணில் குறையே இல்லை. ஆனால் உன் வாழ்க்கை கொஞ்சம் சொகுசாக இருந்துவிட்டது. ஒரு வருடம் நன்றாகக் கஷ்டப்பட்டுவிட்டு வா."

வழியெல்லாம் அழுதுகொண்டே இறங்கினாள். சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது. ஆனாலும் அவள் விடவில்லை. நேரே நரியிடம் போனாள்.

"அண்ணே, என்னையும் முகாம்ல சேர்த்துக்கங்க."

"ஃபுல்லும்மா. மயில் தம்பிக்குக் கிடைச்சதுல இருந்து கூட்டம் தாங்கல."

"எங்க வீட்டுலதானேண்ணே நடக்குது?"

"அதான் சொல்றேன், உங்க வீட்டுல இடமே இல்ல. நீயும் அம்மாவும் கொஞ்ச நாளைக்கு வெளிய இருந்துக்கங்க."

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேச்சி மரத்தடியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவந்தி நனைந்தபடி தன் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வாசலோரம் கூரை ஒழுகுவதைப் பார்த்துப் பார்த்து யானைக்குட்டி ஒன்று மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. அது நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். கஷ்டத்தை மறைக்கறீங்க."

நீதி: ஏழையாகப் பிறந்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் அதற்கு முன்பதிவும் செய்திருக்க வேண்டும்.